காற்றின் வழி: மோட்டார் வண்டியில் குளிர்சாதனம் வந்த வரலாறு



மும்பைக்கு அருகேயுள்ள பன்வேலில் தொடங்கிக் கொங்கணக் கரை, கன்னட நாடு, கேரளம் ஆகியவற்றைக் கடந்து கன்னியாகுமரியில் முடிவடைகிறது தேசிய நெடுஞ்சாலை 66. அது கேரளத்தை விட்டுத் தமிழ்நாட்டிற்குள் நுழையும் வாயிலில் இருக்கும் ஊர் பாறசாலை. நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தென் வட்டங்கள் நான்கும் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. சில கிலோமீட்டர் தெற்கே களியக்காவிளையில் தமிழ்நாடு தொடங்குகிறது. உறவும் வாணிகமும் இரு பக்கமும் உடைய தமிழ்க் குடும்பங்கள் இன்றும் இப்பகுதியில் ஏராளம்.

மும்பையிலும் மங்களூரிலும் எர்ணாகுளத்திலும் வாழும் தென்கோடித் தமிழர்கள் விடுமுறைக்குத் தத்தம் வண்டியில் ஊர் திரும்பும் வழியும் இதுவே. நெடும்பயணத்தின் முடிவில் அவர்களுட் பலர் சொல்லும் குறை ஒன்று உண்டு. குளிர்சாதனம் ஓடுகிறது, துவாரத்தில் கையை வைத்தால் சில்லென்றும் இருக்கிறது, ஆனால் பின்னிருக்கையில் இருப்பவருக்குக் காற்றே வந்து சேர்வதில்லை. எல்லையோரத்து மக்கள் தங்கள் பேச்சில் இதனைச் சுருக்கமாக, "தணுப்பு உண்டு, காற்று இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். இந்தக் குறைக்குப் பெரும்பாலோர் தேடும் பரிகாரம், "காஸ் குறைந்திருக்கும், நிரப்புங்கள்" என்பது. பணம் செலவாகிறது; குறை தீர்வதில்லை. குளிரை உண்டாக்குவது ஒரு வேலை, அக்குளிரைக் காற்றில் ஏற்றி மனிதரிடம் கொண்டு சேர்ப்பது வேறொரு வேலை என்பது மறக்கப்படுவதே இதற்குக் காரணம். மோட்டார் வண்டியில் குளிர்சாதனம் வந்த வரலாற்றைப் பார்த்தால், அதை அமைத்தவர்களும் நெடுங்காலம் இந்த இரண்டாவது வேலையில்தான் இடறினார்கள் என்பது தெரியவரும். அந்த வரலாற்றையே இன்று சொல்ல எடுத்துக் கொண்டேன்.

யந்திரங்களுக்கு முந்திய நிலையை முதலில் பார்ப்போம். தில்லியிலும் இராஜஸ்தானத்திலும் வாழும் நேயர்கள் வெட்டிவேர்த் தட்டியை அறிவார்கள். கோடையில் சாளரத்தில் தட்டியைத் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளித்தால், அதன் ஊடே புகும் அனற்காற்று குளிர்ந்து, மணத்துடன் உள்ளே வரும். நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து கொள்வதே இதன் தத்துவம். இன்று வட நாட்டு வீடுகளில் இரையும் கூலரும் அதே தட்டியின் யந்திர வடிவம்தான். ஆனால் அந்தத் தட்டியை நெய்யாற்றின்கரைக்குக் கொண்டு வந்தால் பயன் சொற்பம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அரபிக் கடலுக்கும் நடுவே, தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பெறும் நாடு இது. காற்று முன்னரே ஈரத்தைச் சுமந்து நிற்கிறது; மேலும் நீரை ஆவியாக ஏற்க அதற்கு இடமில்லை.

ஆகவே இந்நாட்டுத் தச்சர்கள் வேறு வழியை நாடினார்கள். தக்கலைக்கு அருகேயுள்ள பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும். 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை திருவிதாங்கூரின் தலைநகரமாக விளங்கிய ஊர் அது. (நிலம் தமிழ்நாட்டில், அரண்மனையின் நிருவாகம் கேரள அரசின் தொல்பொருள் துறையிடம் என்பது 1956 விட்டுச் சென்ற விந்தைகளுள் ஒன்று.) அங்கே சாய்வான ஓட்டுக் கூரையின் முகப்புகளில் மரச்சட்டங்களுக்கு இடையே திறப்புகள் விட்டிருக்கிறார்கள். சுவர் முழுதும் மரச் சாளரங்கள், நடுவே முற்றங்கள். கீழே காற்று நுழைகிறது. சூடேறிய காற்று மேலே கூரை முகப்பின் வழியே வெளியேறுகிறது. ஈரமான நாட்டில் உடல் வியர்வை உலர வேண்டுமானால் காற்று அசைய வேண்டும். காற்று அசைய வேண்டுமானால் புகுவழி இருந்தால் மட்டும் போதாது, போகும் வழியும் வேண்டும். இந்தக் கடைசிக் கருத்தை நேயர்கள் மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டுகிறேன். வண்டிக்குள் வரும்போது இது மீண்டும் பயன்படும்.

இனி யந்திரக் குளிருக்கு வருவோம். 1902ஆம் ஆண்டில் அமெரிக்காவில் புரூக்ளினில் இருந்த அச்சகம் ஒன்று பெருந்தொல்லைக்கு உள்ளாயிற்று. கோடையின் ஈரத்தில் காகிதம் விரிந்து சுருங்கியதால், ஒரு வண்ணத்தின் மீது மறு வண்ணம் சரியாகப் பொருந்தவில்லை. அதற்குப் பரிகாரம் காண அமர்த்தப்பட்ட வில்லிஸ் காரியர் என்னும் இளம் பொறியாளர், குளிர்ந்த சுருள்களின் மீது காற்றைச் செலுத்தி, அதன் ஈரத்தை நீராக வடித்துவிடும் அமைப்பை வகுத்தார். நாம் இன்று அனுபவிக்கும் சுகம் முதலில் காகிதத்துக்காக ஏற்பட்டது! காரியரின் கொள்கைப்படி, காற்றைப் பதப்படுத்துவது என்றால் அதன் வெப்பநிலை, ஈரம், ஓட்டம், தூய்மை ஆகிய நான்கையும் ஆள்வதாகும். பிற்காலத்தார் முதலாவதைப் பிடித்துக் கொண்டு, கடைசி இரண்டையும் அடிக்கடி கைவிட்டார்கள்.

நம் நாட்டில் ஊர்திக்குள் குளிர்காற்று வந்த முதல் நிகழ்ச்சிகளுள் ஒன்று இரயில் வண்டியில் நடந்தது. பம்பாயிலிருந்து பெஷாவர் சென்ற பிரான்டியர் மெயிலில் 1934ஆம் ஆண்டு குளிரூட்டிய பெட்டி இணைக்கப்பட்டது. பெட்டியின் அடித்தளத்தில் மூடிய தொட்டிகளில் பனிக்கட்டிப் பாளங்களை அடுக்கி, மின்கலத்தால் சுழலும் விசிறியைக் கொண்டு அவற்றின் மேலாகக் காற்றை ஊதி, உள்ளே அனுப்பினார்கள். வழியில் குறிப்பிட்ட நிலையங்களில் பனிக்கட்டி மாற்றப்பட்டது. எளிய ஏற்பாடுதான், ஆயினும் அதன் இரு கூறுகளும் கண்ணெதிரே தனித்தனியாக நின்றன. பனிக்கட்டி கரைந்துவிட்டால் காற்று வரும், குளிர் வராது. மின்கலம் ஓய்ந்துவிட்டால் பாளங்கள் அப்படியே கிடக்கும், பயணி புழுங்குவார். எது பழுது என்று அக்காலத்துப் பணியாளர் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டிய அவசியமே இருந்திருக்காது. இன்றைய வண்டியில் இரண்டும் ஒரே பலகைக்குப் பின்னால் மறைந்திருப்பதால் வந்த குழப்பம்தான் நம்முடையது.

பாறசாலைச் சாலையில் அக்காலத்தில் இத்தகைய வசதியை நினைத்துப் பார்த்தவர் இல்லை. 1938 பிப்ரவரி 20ஆம் நாள் சித்திரைத் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்தைத் தொடங்கி வைத்தார். இங்கிலாந்திலிருந்து 60 கம்மர் அடிச்சட்டங்கள் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்களுடன் வந்தன. லண்டனிலிருந்து வந்த சால்டர் என்னும் அதிகாரியின் மேற்பார்வையில் அவற்றிற்கு இங்கேயே உடற்கூடு கட்டப்பட்டது. திறந்த சாளரமே அந்தப் பேருந்துகளின் குளிர்சாதனம். அதில் ஒரு நன்மை இருந்தது: வண்டி ஓடும்வரை காற்று ஒருபோதும் குறையவில்லை.

மறு ஆண்டில் அமெரிக்காவில் ஒரு புதுமை நிகழ்ந்தது. 1939 நவம்பரில் சிகாகோ நகரத்து மோட்டார் கண்காட்சியில் பேக்கார்டு நிறுவனம், தொழிற்சாலையிலேயே குளிர்சாதனம் பொருத்திய முதல் காரைப் பொதுமக்களுக்குக் காட்டியது. அதற்குத் தனியாக 274 டாலர் விலை. குளிர் உண்டாயிற்று என்பதில் ஐயமில்லை. ஆனால் காற்று வந்த வழியைப் பாருங்கள். குளிர்ச்சுருளும் ஊதுவிசிறியும் வண்டியின் பின்புறத்தில், சாமான் அறையின் பெரும் பகுதியை அடைத்துக் கொண்டு உட்கார்ந்திருந்தன. பின்னிருக்கைக்குப் பின்னாலிருந்து புறப்பட்ட குளிர்காற்று, அங்கே அமர்ந்தவரின் பிடரியைத் தாக்கிவிட்டு முன்னே வருவதற்குள் ஓய்ந்து போயிற்று. அழுத்தி யந்திரத்தை நிறுத்தவோ ஓட்டவோ விசை கிடையாது. ஊதுவிசிறியை மட்டுமே நிறுத்தலாம். குளிர்காலத்தில் சாதனம் வேண்டாம் என்றால், எஞ்சினை நிறுத்தி, மூடியைத் திறந்து, வாரைக் கழற்றி வைக்க வேண்டும். 1941க்குப் பிறகு பேக்கார்டு இந்த முயற்சியைக் கைவிட்டது. விலையும் போரும் அதற்குக் காரணம் என்பார்கள். உண்மைதான், ஆயினும் குளிரைச் செய்யத் தெரிந்த அவர்களுக்கு அதைக் கொண்டு செல்லத் தெரியவில்லை என்பதையும் சேர்த்துக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

ஏறக்குறைய அதே காலத்தில் நாஷ் என்னும் மற்றொரு நிறுவனம் குளிரைப் பற்றியே கவலைப்படாமல் காற்றைப் பற்றி யோசித்துக் கொண்டிருந்தது. 1938ஆம் ஆண்டு மாதிரியில் அவர்கள் கொண்டு வந்தது குளிர்காலத்திற்கான வெப்பச் சாதனம். அதுவரை வந்த சாதனங்கள் வண்டிக்குள் அடைபட்ட காற்றையே திரும்பத் திரும்பச் சுடவைத்தன. நாஷ் அமைப்போ, முன்கண்ணாடியின் அடியிலிருந்து வெளிக்காற்றை இழுத்து, வடிகட்டி, சூடேற்றி, சிறிது அழுத்தத்துடன் உள்ளே செலுத்தியது. காற்றுக்குப் புகுவழி, வடிகட்டி, விசிறி, போகும் வழி ஆகியவற்றை முறையாக வகுத்த இந்த ஏற்பாடுதான் இன்றைய கார்களின் மூதாதை. வடிகட்டி அப்போதே அதில் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1953இல் காடிலாக் முதலிய பெருவண்டிகளில் குளிர்சாதனம் மீண்டும் வந்தது. அப்போதும் அது பின்புறத்திலேயே இருந்தது. பின் கண்ணாடியின் அடியிலிருந்து கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய்கள் இரண்டு எழும்பி, குளிர்காற்றைக் கூரைக்குள் கொண்டு சென்றன. காற்றை முன்னே கொண்டு வர எத்தனை பாடு! அடுத்த ஆண்டு, 1954இல், நாஷ் நிறுவனத்தார் தங்கள் பழைய காற்று வழியிலேயே குளிர்ச்சுருளையும் வைத்தார்கள். எஞ்சின் அறையிலும் முன்பலகைக்குப் பின்னாலுமாக எல்லாம் அடங்கிற்று. விலை 345 டாலர். பின்புற ஏற்பாடுகள் அதைவிட மிகுந்த விலைக்கு விற்றன. உலகம் முழுதும் கார்களின் குளிர்காற்று முன்பலகைத் துவாரத்திலிருந்து வருவது அன்று தொடங்கிய வழக்கம். பின்னிருக்கைக்காரர்கள் இன்று "காற்று எட்டவில்லை" என்று முறையிடுவதும் அதன் மறுபக்கம் என்று சொல்லிக் கொள்ளலாம்.

அந்த நாஷ் வண்டிகளுள் ஒன்றின் பெயர் அம்பாசிடர். நம் நாட்டில் வங்கத்து உத்தர்பாராவில் 1957 முதல் வெளிவந்த அம்பாசிடருக்கும் அதற்கும் பெயரைத் தவிர வேறு தொடர்பில்லை; நம்முடையது மாரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்தது. முன்கதவின் முக்கோணக் கண்ணாடியைத் திருப்பி வைத்தால் முகத்தில் வந்து மோதும் காற்றே அதன் சுகம். முன்பலகையில் ஒரு சிறு விசிறியைத் திருகி வைத்துக் கொண்டவர்களும் உண்டு. வசதி படைத்தோர் பின்னாளில் வெளியே செய்த குளிர்சாதனத்தை வாங்கி முன்பலகைக்குக் கீழே பொருத்திக் கொண்டார்கள். 1983 டிசம்பர் 14ஆம் நாள் மாருதி 800 வந்தது. 1985இல் ஜப்பானிய நாட்டு டென்சோ, சுசுகி நிறுவனங்களின் கூட்டுறவுடன் சுப்ரோஸ் என்னும் நிறுவனம் தோன்றி, கார்க் குளிர்சாதனங்களை இங்கேயே செய்யத் தொடங்கிற்று. அதன் பிறகு சில பத்தாண்டுகளில் பெருஞ்செல்வரின் பொருளாக இருந்தது நடுத்தரக் குடும்பத்தின் வழக்கமாயிற்று. ஆயினும் 1938இல் நாஷ் வைத்த வடிகட்டியை நம் நாட்டுச் சிறு கார்கள் பலவற்றில் நெடுங்காலம் காண முடியவில்லை. புழுதி நேராகக் குளிர்ச்சுருளில் போய்ப் படிந்தது. வடிகட்டியோடு வரும் வண்டிகள் பெருகிய பின்னர், அப்படி ஒன்று இருப்பதே உரிமையாளர்கள் பலருக்குத் தெரியவில்லை!

இப்போது பாறசாலைச் சாலையில் நிற்கும் வண்டிக்குத் திரும்புவோம். முன்கண்ணாடியின் அடியிலுள்ள சல்லடை வழியாக வெளிக்காற்று நுழைகிறது. அல்லது, உட்சுழற்சிப் பொத்தானை அமுக்கியிருந்தால், உள்ளிருக்கும் காற்றே திரும்ப இழுக்கப்படுகிறது. பெரும்பாலான கார்களில் இடப்புறப் பயணியின் எதிரேயுள்ள சிறு பெட்டிக்குப் பின்னால், காகிதத்தை மடித்து மடித்துச் செய்தது போன்ற ஒரு வடிகட்டி இருக்கும். அதன் அருகே புளோயர் என்னும் ஊதுவிசிறி. அடுத்து, பட்டறைகளில் கூலிங் காயில் என்று வழங்கும் குளிர்ச்சுருள்; நெருக்கமான மெல்லிய தகடுகளால் ஆனது. அதைத் தாண்டிய காற்றைக் கண்ணாடிக்கோ முகத்துக்கோ காலுக்கோ திருப்பிவிடச் சிறு கதவுகள் உண்டு. உள்ளே வந்த காற்று வண்டியின் பின்பகுதியில் மறைவாக உள்ள திறப்புகள் வழியே வெளியேறுகிறது.

எல்லையோர நாட்டில் இந்த வழி அடைபடுவதற்குக் காரணங்கள் மலிந்திருக்கின்றன. டிசம்பர், ஜனவரி மாதங்களில் ரப்பர்த் தோட்டங்கள் இலையுதிர்க்கும். மரத்தடியில் நிறுத்திய வண்டியின் முன்கண்ணாடிச் சல்லடையில் சருகு தங்கும். சருகின் தூள் உள்ளே இறங்கும். எலியோ அணிலோ அந்த இடத்தில் கூடு கட்டிவிடுவதும் உண்டு. அடுத்து மழை. ஈரக்காற்று குளிர்ச்சுருளைத் தொட்டவுடன் நீராய் வடிகிறது. சற்று நேரம் நின்ற வண்டியின் அடியில் சிறு குட்டையாகத் தேங்குவது அந்த நீர்தான். வண்டி ஒழுகுகிறது என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நனைந்த சுருளில் புழுதி ஒட்டினால் சேறாகிவிடும். சேற்றில் பூஞ்சை வளரும். அப்போது குளிர்சாதனத்தைப் போட்டவுடன் நனைந்த சாக்கின் நாற்றம் வீசும். தில்லியின் உலர்ந்த புழுதியைத் தட்டினால் உதிர்ந்துவிடும். இங்குள்ள புழுதி அப்படி உதிராது. வட நாட்டில் ஓராண்டு தாங்கிய வடிகட்டி, ஊருக்கு வந்து ஒரு மழைக்காலம் நின்றதும் அடைத்துக் கொள்வதற்கு இதுவே காரணம்.

ஆதலின் காற்று குறைந்தது என்றால் முதலில் பார்க்க வேண்டியது வடிகட்டி. சிறு பெட்டியைக் கழற்றி, வடிகட்டியை உருவி எடுத்துவிட்டு, விசிறியைச் சற்று நேரம் ஓட்டிப் பாருங்கள். காற்று பலமாக வந்தால் குற்றவாளி கையில் அகப்பட்டுவிட்டான். புதியதன் விலை சிறு கார்களுக்குச் சில நூறு ரூபாய். பழைய காகித வடிகட்டியைக் கழுவி ஈரத்துடன் திரும்ப வைப்பது சிக்கனமாகாது. அது பூஞ்சைக்கு இடும் விருந்து. புதியதை வைக்கையில் அதன் விளிம்பில் அச்சிட்ட அம்புக்குறி, காற்று செல்லும் திசையில் இருக்க வேண்டும்.

வடிகட்டியை எடுத்த பிறகும் காற்று வரவில்லையானால், அடுத்துக் காதைப் பயன்படுத்த வேண்டும். விசிறியின் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டும்போது ஒலி மாறாமல், கடைசிப் படியில் மட்டும் திடீரென்று காற்று வருகிறதா? அப்படியானால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் என்னும் மின்தடை போய்விட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். சிறு பொருள்தான். ஒலி பலமாக இருந்தும் காற்று மெலிந்திருந்தால், வழியில் அடைப்பு இருக்கிறது. முகத்துக்கு வராத காற்று காலடியிலோ கண்ணாடியிலோ வீசிக் கொண்டிருந்தால், திருப்பிவிடும் கதவு சிக்கியிருக்கிறது. விசிறியே கீச்சிட்டு மெதுவாகச் சுழன்றால், அதன் மோட்டார் தேய்ந்திருக்கும். அல்லது சருகு சுற்றியிருக்கும்.

இன்னொரு வகை உண்டு. அது ஆளை ஏமாற்றும். புறப்படும்போது காற்று நன்றாக வரும். திருவனந்தபுரத்தில் ஏறி நெய்யாற்றின்கரை தாண்டுவதற்குள் படிப்படியாகக் குறைந்து, ஏறத்தாழ நின்றுவிடும். வண்டியை நிறுத்தித் தேநீர் அருந்திவிட்டு வந்தால் மீண்டும் நன்றாக வரும்! சுருளின் மேல் வடிந்த நீர் பனிக்கட்டியாக உறைந்து தகடுகளுக்கிடையே உள்ள சந்துகளை அடைத்துவிடுகிறது, நின்றபோது உருகிவிடுகிறது. சுருள் அளவுக்கு மேல் குளிராதபடி காக்கும் உணரி பழுதாவது இதற்கு ஒரு காரணம். காஸ் குறைந்தாலும் இப்படி உறைவதுண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே காஸைப் பற்றிய பேச்சுக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதற்குரிய இடம் வரிசையில் முதலாவது அல்ல. இவ்வாறு உறைந்துவிட்டால், வழியில் உடனடியாகச் செய்யக்கூடியது, குளிர் விசையை நிறுத்தி விசிறியை மட்டும் பத்து நிமிடம் ஓடவிடுவது.

கூரை முகப்பை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? ஊருக்குப் போகும் வண்டியில் பின்னிருக்கை முதல் பின்கதவு வரை பெட்டியும் பையுமாகத் திணிப்பது நம் வழக்கம். காற்று வெளியேறும் திறப்புகள் அந்தச் சாமான்களுக்குப் பின்னால் மூடுண்டு போகக்கூடும். வெளிக்காற்று நுழையும்படி வைத்திருந்தும், போக வழியில்லாத காற்று தானும் உள்ளே வராது. பத்மநாபபுரத்துத் தச்சருக்குத் தெரிந்த உண்மை இது. ஒரு சாளரத்தை விரலளவு இறக்கிப் பாருங்கள். துவாரத்தில் காற்று பலப்பட்டால், பைகளை இடம் மாற்றினால் போதும்.

காஸை வீணாக நிரப்புவதில் பணத்தை விடப் பெரிய நஷ்டம் ஒன்றும் இருக்கிறது. பழைய குளிர்ப்பெட்டிகளில் இருந்தவை அம்மோனியா, கந்தக டை ஆக்ஸைடு போன்ற நச்சு வாயுக்கள். அவற்றிற்கு மாற்றாக 1928இல் தாமஸ் மிட்ஜிலியும் அவருடைய துணைவர்களும் ஃபிரியான் என்று பின்னர் பெயர்பெற்ற பொருளைக் கண்டார்கள். 1930இல் அமெரிக்க வேதியியலார் சபையில் மிட்ஜிலி அந்த வாயுவைத் தாமே மூச்சில் இழுத்து, ஒரு மெழுகுவர்த்தியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார். நச்சில்லை, தீப்பற்றாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று ஏது? வீட்டிலும் வண்டியிலும் குளிர்சாதனம் பரவியதற்கு அந்த வாயுவே காரணம். ஆனால் 1974இல் மொலினா, ரோலண்ட் என்னும் இரு விஞ்ஞானிகள், அது வான்மேல் ஏறி ஓசோன் படலத்தை அழிக்கும் என்று எடுத்துரைத்தார்கள். 1987இல் மான்ட்ரீல் உடன்பாடு ஏற்பட்டது. 1992இல் இந்தியா அதில் சேர்ந்தது. கார்களில் பழைய வாயுவின் இடத்தில் ஆர்-134ஏ வந்தது. இது ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், பூமியைச் சூடேற்றும் வல்லமையில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 1,430 மடங்கு மிகுந்தது. 2016இல் கிகாலி நகரில் கண்ட திருத்தத்தின்படி இவ்வகை வாயுக்களையும் படிப்படியாகக் குறைக்க நாடுகள் இசைந்தன. 2021இல் இந்தியா அதனை ஏற்றுறுதி செய்தது. நிலைமை இவ்வாறிருக்க, அடைபட்ட வடிகட்டிக்காக இருக்கும் காஸைக் காற்றில் திறந்துவிட்டுப் புதிதாக நிரப்புவது எத்தகைய செயல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. காஸ் எடுக்கத்தான் வேண்டும் என்றால், அதை யந்திரத்தில் இழுத்துச் சேமித்து, அளந்து திரும்ப நிரப்பும் பட்டறையாகப் பார்த்துச் செல்க. நலமாக இருக்கும் வண்டியில் காஸ் தானாகத் தீர்ந்து போகும் பொருளும் அன்று. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பது போன்றது.

இதுவரை காருடையவர்களைப் பற்றியே பேசினோம். அதே சாலையில், அவர்களுக்கு முன்னும் பின்னும், தமிழ்நாட்டுக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய கனத்த லாரிகள் களியக்காவிளை வழியே வடக்கு நோக்கிச் செல்கின்றன. எஞ்சினின் சூட்டை அருகில் வைத்துக் கொண்டு அவற்றை ஓட்டியவர்களுக்கு, கார்களில் குளிர்சாதனம் பரவிய காலம் முழுதும், திறந்த சாளரமே கிடைத்தது. பாறைத்தூளும் அதன் வழியே சேர்ந்து வந்தது. 2025ஆம் ஆண்டில்தான், 3.5 டன்னுக்கு மேற்பட்ட புதிய லாரிகளின் ஓட்டுநர் அறையில் குளிர்சாதனம் இருந்தே தீரவேண்டும் என்ற மத்திய அரசின் விதி நடைமுறைக்கு வந்தது. சிகாகோ கண்காட்சிக்கு 86 ஆண்டுகளுக்குப் பின்! ஏற்கெனவே ஓடிக் கொண்டிருக்கும் பழைய லாரிகளை அந்த விதி தொடவில்லை.

புதிய லாரிகளிலும் காற்றின் வழி காரில் உள்ளதே. கல் குவாரிக்கும் துறைமுகப் பணியிடத்துக்கும் இடையே ஓடும் வண்டிக்கு, காருக்குச் சொல்லும் ஓராண்டுக் கணக்கு பொருந்தாது. வடிகட்டி பொருத்திய லாரியானால் மாதம் ஒருமுறையாவது அதைக் கழற்றிப் பார்த்து, அடைத்திருந்தால் மாற்ற வேண்டும். அது சக்கரத்துக்குக் காற்றடிப்பது, எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றுவது ஆகியவற்றோடு சேர்ந்து லாரி உரிமையாளரின் செலவுக் கணக்கில் எழுதப்பட வேண்டியது. ஓட்டுநரின் படிக்காசிலிருந்து எடுக்க வேண்டியதன்று. நேயர்களுள் லாரி வைத்துத் தொழில் நடத்துவோர் பலர் இருப்பீர்கள். உங்கள் வண்டியில் வடிகட்டி எவ்விடத்தில் இருக்கிறது என்பதை, அதை ஓட்டுபவருக்கு ஒருமுறை திறந்து காட்டிவிடுங்கள்.